கால் எட்டாத காதல்

உயரமான பெண்ணைக் கல்யாணம் பண்ணிக்கொள்வதில் பெரிய கஷ்டம் ஒன்றும் இல்லை. போட்டோவில் அவரை நாற்காலியில் உட்காரவைத்தால் தீர்ந்தது. உயரமான மோட்டார் சைக்கிள் அப்படியில்லை ஸார். சிக்னல் வந்தால் நின்றாக வேண்டும். நின்றால் காலை ஊன்றியாக வேண்டும். ஊன்றுகிற இடத்தில் தரை இல்லாவிட்டால், 200 கிலோ இரும்பு 'எந்தப் பக்கம் போகலாம்' என்று நிதானமாக யோசித்துவிட்டுச் சாயும். பின்னால் தண்ணி லாரி.

நண்பர் ஒருவர் (பெயர் வேண்டாம், பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்) ஐந்தடி மூன்றங்குலம். 36 மாதத் தவணையில் ஒரு அட்வெஞ்சர் பைக் வாங்கிவிட்டார். முதல் வாரமே பெட்ரோல் பங்க்கில் வண்டியோடு சாஷ்டாங்க நமஸ்காரம். மறுநாள் முதல் ஆபீஸுக்கு 29-சி. பைக் மட்டும் வீட்டு வாசலில் கவர் போட்டுக்கொண்டு தவணை கட்டவைத்துக்கொண்டிருந்தது. "வித்துடலாமா?" என்று கேட்டபோது குரல் கம்மியது. சிரிக்கிற விஷயமில்லை.

குற்றம் அவர் பேரில் இல்லை. நம் நாட்டு ஆண்களின் சராசரி உயரம் ஏறக்குறைய 165 செ.மீ.தான். ஸ்ப்ளெண்டரின் சீட் உயரம் 785 மி.மீ. 2016-ல் வந்த ஹிமாலயன் 800. 2023-ல் வந்த ஹிமாலயன் 450, 825. எக்ஸ்பல்ஸ் ப்ரோ 891 மி.மீ. என்கிறார்கள். அது சீட் இல்லை ஸார், சமையல் மேடை.

வெறுங்காலோடு சுவரில் முதுகை ஒட்டி நில்லுங்கள். கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு நடுவே மேலே முட்டும் வரை கொண்டுபோய், தரையிலிருந்து அளந்து பாருங்கள். நண்பருக்கு 74 செ.மீ. வந்தது. சீட்டோ 82-க்கு மேல். வித்தியாசத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஷூவின் அடி 3 செ.மீ. கொடுக்கும். நாம் உட்கார்ந்ததும் ஸ்பிரிங் கொஞ்சம் அமுங்கும். மீதிக்குத்தான் மெக்கானிக்.

மெக்கானிக் தம்பிகளுக்கு உடனே லிங்க்கை மாற்றத்தான் கை துறுதுறுக்கும். விடாதீர்கள். முதலில் சீட். சில வண்டிகளுக்குக் கம்பெனியே தாழ்வான சீட் விற்கிறது. ஹிமாலயன் 450-க்கு 805 மி.மீ. சீட் உண்டு. இல்லையென்றால் சீட் தைக்கிற கடைக்குப் போங்கள். இரண்டு, இரண்டரை செ.மீ. ஃபோம் செதுக்கலாம். அதைவிட முக்கியம், முன்பக்க ஓரங்களை ஒடுக்கச் சொல்வது. அகலமான சீட்டில் கால் பக்கவாட்டில் விரிந்தே பாதி நீளம் போய்விடுகிறது. ரொம்ப ஆசைப்பட்டுச் செதுக்கினால், அரை மணி நேரத்தில் அடித்தட்டும் உங்கள் முதுகெலும்பும் நேரடிப் பேச்சுவார்த்தை தொடங்கிவிடும்.

அப்புறம்தான் லிங்க். பின் ஷாக் அப்ஸார்பரைத் தாங்கும் இந்தக் குட்டி இரும்புத் துண்டை நீளமானதாகப் போட்டால் வண்டியின் பின்பக்கம் இறங்கும். நான் படித்தது காமர்ஸ். டெபிட் இருந்தால் எங்காவது கிரெடிட் இருந்தே தீரும். இங்கே ஒரு அங்குலம் இறக்கினால் வயிற்றுக்கும் ஸ்பீடு பிரேக்கருக்கும் இடையே இருந்த இடைவெளியில் கழியும். பின்பக்கம் மட்டும் இறங்கினால் ஹேண்டில் மந்தமாகும், ஹெட்லைட் மேலே தூக்கிக்கொண்டு தென்னைமரத்துக் காக்கையை எழுப்பும். எனவே முன்பக்க ஃபோர்க் குழாய்களையும் கிளாம்ப்பில் கொஞ்சம் மேலே ஏற்றி இறக்க வேண்டும். அமுங்கும்போது டயர் மட்கார்டில் முட்டாமல் இருக்க வேண்டும். டபுள்ஸ் உட்கார்ந்து குதித்துப் பார்த்துவிட்டே கடையை விட்டுக் கிளம்புங்கள்.

எல்லோரும் மறக்கிற ஐட்டம் சைடு ஸ்டாண்டு. வண்டி இறங்கியதும் ஸ்டாண்டு தானாக நீளமாகிவிடுகிறது! வண்டி சாயாமல் விறைப்பாக நிற்கும். தெருக்குழந்தை தொட்டால் மறுபக்கம் விழும். ஸ்டாண்டையும் வெட்டிக் குறைத்து வெல்டு வைக்க வேண்டும். வாரண்டி என்ன ஆகும், இன்ஷூரன்ஸ்காரர் என்ன சொல்வார் என்பதை வெட்டுவதற்கு முன்னால் விசாரிப்பது உத்தமம்.

இத்தனைக்கும் இரண்டு காலும் ஊன்ற வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. டானி பெட்ரோசா என்று ஒரு ஸ்பெயின்காரர். ஐந்தேகால் அடி கூட இல்லை. 2018-ல் ஓய்வு பெறுவதற்குள் மோட்டோஜிபியில் 31 ரேஸ் ஜெயித்தார். 'கால் எட்டுதா தம்பி?' என்று அவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

நிற்கும்போது இடுப்பை இடப்பக்கம் நகர்த்தி இடது காலை முழுசாக ஊன்றுங்கள், வலது கால் பிரேக்கில். ஒரு பாதம் பூரணமாகப் பதிவது, இரண்டு பெருவிரல் தொடுவதைவிட எவ்வளவோ மேல். நம் ரோடுகள் மழைத் தண்ணீர் வழிய ஓரத்தை நோக்கிச் சரிந்திருக்கும். இடது ஓரமாக நின்றால் இடது காலுக்குத் தரை இன்னும் இரண்டு அங்குலம் கீழே போய்விடும். ஒன்று, பிளாட்பாரக் கல்லை ஒட்டி நின்று அதன்மேல் காலை வையுங்கள். இல்லை, கொஞ்சம் உள்ளே தள்ளி நில்லுங்கள்.

நண்பர் லிங்க் பக்கம் போகவில்லை. முன்சீட் ஃபோமைக் குறைத்தார், கனமான ஷூ வாங்கினார், ஞாயிற்றுக்கிழமைகளில் காலி மைதானத்தில் நிற்கப் பழகினார். (ஓட்ட இல்லை, நிற்க!) இப்போது தினமும் ஆபீஸுக்குப் பைக்தான். பின்சீட்டை மட்டும் அப்படியே விட்டுவிட்டதில், அவருடைய அம்மா அம்பாரியில் உட்கார்ந்த மாதிரி அவர் ஹெல்மெட்டுக்கு மேலே தெரிகிறார். போன வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகும்போது, "டேய், அந்த லாரிக்கு முன்னாடி ஒரு ஸ்பீடு பிரேக்கர் வருது, மெதுவாப் போ" என்றாராம்.