ஆற்றங்கரையில் நடக்கலாமே!

சுற்றுலா என்றாலே ஊட்டி, கொடைக்கானல் என்றுதான் நாங்கள் பேசிக்கொள்கிறோம். ஆனால் மணவூரில் இருந்துகொண்டு, நம் வட்டாரத்துக் கொசஸ்தலை ஆற்றின் கரையில் நடந்து பார்த்தவர்கள் எங்களுள் எத்தனை பேர்?

மழைக்காலத்தில் இவ்வாற்று நீர் 1944இல் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கத்தில் சேர்ந்து, சென்னை மக்களின் தாகம் தீர்க்கிறது. இதே ஆற்றுப் படுகையிலுள்ள அத்திரம்பாக்கத்தில்தான் 1863ஆம் ஆண்டு இராபர்ட் புரூஸ் பூட் ஆதிமனிதரின் கற்கருவிகளைக் கண்டெடுத்தார். அங்குள்ள கற்கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுகள் பழைமையானவை என 2011இல் உலகறியச் செய்த ஆய்வுக்குழுவின் தலைவர் சாந்தி பப்பு என்னும் பெண்மணி!

"பெண் பிள்ளைகள் ஆற்றங்கரைக்குப் போவதா?" எனப் பெற்றோர் தயங்கலாம். அக்கவலை நியாயமானதே. ஆகவே தனியே அனுப்பும்படி நாங்கள் கேட்கவில்லை. மழை ஓய்ந்த தை மாதத்துச் சனிக்கிழமைக் காலையில், அருட்சகோதரி ஒருவரும் தாய்மார் சிலரும் உடன்வர, இரண்டு மணி நேரம் மெதுவாக நடந்தால் போதும். பேருந்துச் செலவில்லை, ஏழை மாணவியும் வரலாம்.

கரையில் குப்பை சேர்வதையும், மணல் குறைவதையும் நடப்பவர் கண்களே முதலில் காணும். படைப்பைப் பேணுங்கள் எனத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் சுற்றுமடல் வழியாக உலகையே வேண்டினார். பார்த்திராத ஆற்றை நாங்கள் எப்படிப் பேணுவது?

அன்புப் பெற்றோரே, அருட்சகோதரிகளே, வரும் தை மாதத்தில் எங்களோடு நடக்க வாருங்கள்!