வெம்பிளியின் பழைய நகர மண்டபம் எமக்குச் சொல்வது என்ன?

வடமேற்கு லண்டனில் ஃபோர்ட்டி லேன் வழியே போய்வரும் எம்மவர்களுக்கு அந்த நீண்ட செங்கற் கட்டடம் நன்கு தெரியும். கவுன்சில் வரி, வீட்டுப் பிரச்சினை என்று எம்மில் பலர் ஒருகாலத்தில் அதன் படியேறியவர்கள்தான்.

பார்க் ரோயல் தொழிற்சாலைகளால் அப்பகுதி வேகமாக வளர்ந்த காலத்தில், கிளிஃபோர்ட் ஸ்ட்ரேஞ்ச் வடிவமைத்த இம்மண்டபம் 1940 இல் நிறைவடைந்தது. 1965 இல் வெம்பிளியும் வில்ஸ்டனும் இணைந்தபோது பிரென்ட் நகர மண்டபமாயிற்று. 2004 பெப்ரவரி 26 அன்று பிரித்தானியாவின் முதலாவது பிரஜாவுரிமை வைபவம், இளவரசர் சார்ள்ஸ் முன்னிலையில் இங்குதான் நடைபெற்றது. நாடிழந்து வந்த எமக்கு அதன் பெறுமதியைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

2013 இல் கவுன்சில் வெம்பிளி விளையாட்டரங்குக்கு அருகே புதிய கட்டடத்துக்கு மாறியது. 2015 முதல் பழைய மண்டபத்தில் இயங்குவது கட்டணம் அறவிடும் பிரெஞ்சுப் பன்னாட்டுப் பாடசாலை. கிழக்கு லண்டனின் பெத்னல் கிறீன், பொப்லர் நகர மண்டபங்கள் இன்று விடுதிகள்.

பாரம்பரியப் பட்டியல் இக்கட்டடங்களின் தோற்றத்தைக் காத்தது; அவற்றுள் நுழையும் பொதுமக்களின் உரிமையைக் காக்கவில்லை.

இது முடிந்த கதையுமல்ல. வீடற்றோரைத் தற்காலிகமாகத் தங்கவைக்கும் செலவு லண்டன் கவுன்சில்களை நெரிக்கிறது. எம்மவர் செறிந்து வாழும் நியூஹாம் 2025 இல் கவுன்சில் வரியை 8.99 வீதம் உயர்த்தியது. அன்றாடச் செலவுக்குப் பணமில்லாத சபை அடுத்துப் பார்ப்பது தன் காணிகளையும் கட்டடங்களையும்தான்.

இதில் மக்களுக்கும் ஒரு பிடி உண்டு. 2011 ஆம் ஆண்டின் உள்ளூராட்சிச் சட்டப்படி, ஒரு கட்டடத்தைச் 'சமூகப் பெறுமதியுள்ள சொத்து' எனப் பதியுமாறு உள்ளூர் அமைப்புகள் கோரலாம். பதிவான பின் அது விற்பனைக்கு வந்தால், பணம் திரட்ட ஆறு மாத அவகாசம் கேட்க அச்சட்டம் இடமளித்தது. ஆனால் யாருக்கு விற்பது என்ற முடிவு உரிமையாளரிடமே இருந்தது. அவகாசத்தைப் பன்னிரண்டு மாதமாக்கி, வாங்கும் முதலுரிமையைச் சமூகத்துக்கே கொடுக்கும் சட்டமூலம் 2025 ஜூலையில் நாடாளுமன்றத்தில் முன்வைக்கப்பட்டது.

எம்மிடம் ஆலய சபைகள், பழைய மாணவர் சங்கங்கள், தமிழ்ப் பள்ளிகள் உண்டு. மண்டபம் வாடகைக்கு எடுப்பதில் நாம் வல்லவர்கள். கவுன்சில் கருத்துக் கேட்கும் கூட்டங்களிலோ எமது நாற்காலிகள் வெறுமையாகக் கிடக்கின்றன.

யாழ்ப்பாணத்தின் நகர மண்டபம் போரில் அழிந்தது. புதியதற்கு அடிக்கல் நாட்டவே 2019 வரை காத்திருந்தோம். அங்கு குண்டுகளின் முன் எம்மால் எதுவும் செய்ய முடியவில்லை. இங்கு விற்பனைக்கு முன்னர் அறிவித்தல் வருகிறது. அதை வாசித்து, ஒரு படிவம் நிரப்பி அனுப்ப எமது சங்கங்களுக்கு ஒரு மாலைப்பொழுது போதும்.