ஓடுகிற லாரியும் ஆடுகிற நாற்காலியும்

1997-ல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான நாமக்கல், லாரிக் கூடு கட்டும் பட்டறைகளுக்குப் பேர்போன ஊர். லாரியில் ஒரு பலகை இற்றுப்போனால், அந்தப் பலகையை மட்டும் கழற்றி வேறொன்றைப் போடுகிறார்கள். டயர் தேய்ந்தால் மேல் ரப்பரை மாற்றி மறுபடியும் ஓட்டுகிறார்கள். சேலம் பக்கத்துத் தறிக்காரர்களும் அப்படித்தான். தறியில் ஒரு கட்டை தேய்ந்தால் கட்டையைத்தான் மாற்றுவார்களே ஒழிய, தறியை மாற்றுவதில்லை. போட்ட முதலின் அருமை தெரிந்தவர்கள் அல்லவா?

ஆனால் இதே மனிதர்கள் வீட்டுக்குள் வந்ததும் வேறு ஆளாகிவிடுகிறார்கள்! நாற்காலியின் ஒரு கால் ஆடினால் போதும். அது மாட்டுக் கொட்டகைக்குப் போய்விடுகிறது. அங்கிருந்து அடுப்புக்கு. அதன் இடத்துக்கு மரத்தூளை அழுத்திச் செய்த பளபளப்பான சாமான் தவணைக் கடனில் வந்து சேருகிறது. வீடு கழுவுகிற தண்ணீர் பட்டால் அது ஊறி உப்பிவிடும். பிடி விட்ட திருகாணி மறுபடி பிடிக்காது. கடன் தீருமுன் சாமான் தீர்ந்துபோன வீடுகள் உண்டு. எரிந்துபோனதோ, சொந்தக் காட்டில் விளைந்த வேம்பும் வாகையும்!

ஆடுகிற காலுக்கு ஆணி அறைவதுதான் பலருடைய வைத்தியம். அதைவிடக் கெடுதல் வேறில்லை. மரம் பிளந்துவிடும். மூட்டை மெல்லத் தட்டிக் கழற்ற வேண்டும். பழைய சாமானில் இருப்பது வஜ்ஜிரமானால், வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றினால் இளகிவிடும். பிறகு பழைய பசையை மரம் தெரியும்வரை சுரண்ட வேண்டும். பழைய பசையின்மேல் புதுப் பசை பிடிக்காது. 'ஒட்டிப் பார்த்தேன், நிற்கவில்லை' என்று அலுத்துக்கொள்கிறவர்களில் பலர் இங்கேதான் தவறுகிறார்கள். துளை அகன்றிருந்தால், செருகும் முனையில் மெல்லிய மரச் சீவலை ஒட்டிக்கொள்ளலாம். வஜ்ஜிரம் காய்ச்சுகிற தொல்லையும் இப்போது இல்லை. 1959-ல் பெவிகால் வந்துவிட்டது. பசை தடவிப் பொருத்தி, கால்களைச் சுற்றிக் கயிறு கட்டி, நடுவே குச்சியைச் செருகி முறுக்கி, ஒரு நாள் அப்படியே விட்டுவிட வேண்டும். லாரியில் பாரம் கட்டுகிறவர்களுக்கு இந்த முறுக்கைச் சொல்லித்தர வேண்டுமா என்ன?

பிரம்பு நாற்காலிக்குப் பிரம்பு இழையை ஊறவைத்துப் பின்ன வேண்டும். காய்ந்ததும் தானே விறைத்துக்கொள்ளும்.

கயிற்றுக் கட்டில் தொய்ந்தாலும் பரணுக்குத்தான் போகிறது. தொய்யும் என்று தெரிந்துதானே, கால்மாட்டுக் கயிற்றை அவிழ்த்து இழுத்துக் கட்டும்படி பெரியவர்கள் அதைப் பின்னினார்கள்! 2017-ல் ஆஸ்திரேலியாவில் ஒருவர் இத்தகைய கட்டிலுக்கு 990 டாலர் விலை போட்டு விளம்பரம் செய்தார். நம் பணத்தில் ஏறக்குறைய 50,000 ரூபாய். செய்தியைப் படித்துச் சிரித்தோம். சிரித்த பிறகும் பரணில் கிடந்ததை இறக்கவில்லை.

எல்லாவற்றையும் நாமே செய்துவிடலாம் என்று சொல்லவில்லை. உளுத்து மாவாகிப்போன மரத்தை விட்டுவிட வேண்டியதுதான். சட்டமே முறிந்திருந்தால் ஆசாரியைக் கூப்பிடுவதே சரி. அவருக்குக் கொடுக்கும் கூலி உள்ளூரிலேயே நிற்கும். தவணைப் பணம் நிற்காது.

இன்று ஞாயிற்றுக்கிழமை. மாட்டுக் கொட்டகைப் பக்கம் ஒருமுறை போய்ப் பாருங்கள். தாத்தா உட்கார்ந்த நாற்காலி இன்னும் எரியாமல் கிடக்கலாம்.