கண்ணுக்கு எட்டாக் கடல்

ஆயக்குடிக்குக் கடல் இல்லை. பழனி மலைத்தொடரின் அடிவாரத்தில், கொய்யாத் தோப்புகளின் நடுவே அமைந்த ஊர் அது. கொய்யாவைப் பற்றிக் கேட்டால் அவ்வூர்ச் சிறுவனும் ஒரு நாழிகை பேசுவான். கடலைப் பற்றிக் கேட்டாலோ, "இராமேசுவரம் போனபோது பார்த்தேன்" என்று இரண்டு சொல்லில் முடித்துக்கொள்வான். அத்தகைய ஊரில் இருந்துகொண்டு, தொலைவிலுள்ள தீவுகளைச் சூழ்ந்த நீர்ப்பரப்பை அரசு எவ்வாறு காக்க வேண்டும் என்று ஆராய்வது வீண்வேலை என எண்ணுவோரும் உண்டு. ஆனால், பழனி மலைகளிலிருந்து இறங்கும் சண்முகநதி அமராவதியிற் கலக்கிறது. அமராவதி காவிரியிற் கலக்கிறது. காவிரி பூம்புகாரில் கடலை அடைகிறது. நாம் வயலில் இட்ட உரத்தின் மிச்சமும், வீதியில் எறிந்த நெகிழிப் பையும் அவ்வழியே கடலுக்குச் செல்வன அல்லவா? கடலை நாம் காணாவிடினும், நம் குப்பையைக் கடல் காண்கிறது.

இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 சிறு தீவுகள் நிரல்பட அமைந்துள்ளன. அவற்றைச் சுற்றிலும் பவழப்பாறைகள். பவழம் என்பது கல்லன்று. கடுகளவும் மிளகளவுமான எண்ணற்ற சிற்றுயிர்கள் தலைமுறை தலைமுறையாகச் சுண்ணாம்பைச் சேர்த்துக் கட்டிய மாளிகை அது. மீனினம் குஞ்சு பொரித்து வளர்வதற்கு இடமாவதும், அலையின் வேகத்தைத் தணித்துத் தீவையும் கரையையும் காப்பதும் அதுவே. அந்த மாளிகையை மக்கள் பல்லாண்டுகள் சுண்ணாம்புக்காகவும் கட்டடக் கல்லுக்காகவும் வெட்டி எடுத்துப் படகிலேற்றினர். பயன் யாது? விலங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்னும் இரண்டு தீவுகள் நீருள் மூழ்கின. இன்று அவற்றுக்குப் பெயர் உண்டு, நிலம் இல்லை.

அரசு வாளாவிருந்தது என்று சொல்ல முடியாது. 1986-இல் இத்தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் தேசியப் பூங்கா ஆயின. 1989-இல் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. எனினும், வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையிற் பவழம் இடம்பெற்றது 2001-இல்தான். பூங்கா என்று பெயரிட்டதற்கும் பவழத்துக்கு அத்தகைய காப்பு அளித்ததற்கும் இடையே 15 ஆண்டுகள் கழிந்தன. தூத்துக்குடிக்கு அருகே கரைந்து சிறுத்துவந்த வான் தீவைக் காப்பதற்காக 2015 முதல் காங்கிரீட்டுக் கட்டமைப்புகள் கடலுள் இறக்கப்பட்டன. இயற்கை கூலியின்றிக் கட்டிய மதிலை இடித்துவிட்டு, அதே இடத்தில் பொருள் செலவிட்டு மதில் கட்டுகிறோம்! செய்யத்தக்க வேலைதான்; ஆயினும் பெருமை பேசத்தக்கதன்று.

ஆகவே அரசின் காப்பு வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. எத்தகைய காப்பு என்பதே வினா. இதற்கு இந்தியப் பெருங்கடலிலேயே ஓர் எச்சரிக்கை உண்டு. மாலத்தீவுகளுக்கும் தெற்கே சாகோஸ் என்னும் தீவுக்கூட்டம் இருக்கிறது. அங்கே வாழ்ந்த மக்களை, டீகோ கார்சியாவில் அமெரிக்கப் படைத்தளம் அமைவதற்காக, 1968-க்கும் 1973-க்கும் இடையே பிரிட்டன் அப்புறப்படுத்தி, மொரீசியசிலும் செசெல்சிலும் கொண்டுபோய் இறக்கியது. பின்னர், 2010-இல், அத்தீவுகளைச் சூழ்ந்த ஏறத்தாழ 6,40,000 சதுர கிலோமீட்டர் கடலைக் காக்கப்பட்ட பரப்பு என்று அறிவித்து, வணிக மீன்பிடிப்பை விலக்கியது. மீனுக்கும் பவழத்துக்கும் அதனால் நன்மை விளைந்திருக்கலாம். ஆனால், மனிதரை விரட்டிவிட்டு மீனைக் காப்பதை அறம் என்று யார் ஒப்புவர்? படைத்தளம் இருக்கலாம், தூண்டிலிட்டுப் பிழைத்தவன் திரும்பக் கூடாது என்பது என்ன முறை? மொரீசியசின் உரிமைகளை மதியாமல் இக்காப்பகம் நிறுவப்பட்டது சட்டத்துக்கு மாறானது என்று 2015-இல் பன்னாட்டு நடுவர் மன்றம் தீர்ப்பளித்தது.

நம் கரையில் நிலைமை அவ்வளவு கொடிதன்று. எனினும் அதன் சாயல் சிறிது உண்டு. இராமநாதபுரம் மாவட்டத்துப் பெண்கள், விரல்களில் துணிச் சுருளைச் சுற்றிக்கொண்டு, தீவுகளை ஒட்டிய கடலில் மூச்சடக்கி மூழ்கி, மரிக்கொழுந்துப் பாசி முதலியவற்றைக் கையால் பறித்து வயிறு வளர்ப்பவர்கள். தீவுகள் பூங்காவான பின்பு அவர்கள் அங்கே செல்வது குற்றமாயிற்று. ஆனால் அப்பெண்களிற் பலர், மாதத்தில் 12 நாட்களே பாசி எடுப்பது என்று தமக்குத் தாமே வரையறை செய்துகொண்டனர். பாசி வளரும் பருவத்தில் கடலில் இறங்குவதையும் தவிர்த்தனர். கடலடியைத் துடைத்துச் செல்லும் இழுவைமடியையும், வெறுங்கையால் பாசி பறிக்கும் பெண்ணையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது நேர்மையாகாது.

"பவழத்தை வெட்டியவரும் கரையோரத்தவர்தாமே?" என்று கேட்கலாம். உண்மைதான். கூலிக்கு வெட்டினர். கடலைக் காப்பதிலும் கூலி உண்டு, மதிப்பும் உண்டு என்று அன்று அவர்களிடம் சொன்னவர் எத்தனை பேர்? சொன்னால் கேட்பார்கள் என்பதற்கும் சான்றுண்டு. ஆவுளியா என்று மீனவர் அழைக்கும் கடற்பசுவுக்காக, 2022 செப்டம்பரில் பாக்கு நீரிணையில், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டி 448 சதுர கிலோமீட்டர் காப்பகம் ஒன்றைத் தமிழ்நாடு அரசு அமைத்தது. வலையிற் சிக்கிய கடற்பசுவை, வலையை அறுத்தேனும் உயிருடன் விடுவித்த மீனவர்களுக்கு வனத்துறை பரிசளித்துள்ளது. ஒரு காலத்தில் இறைச்சிக்காகக் கொல்லப்பட்ட விலங்கு அது.

நம் பக்கத்துக் குளங்களில் நீர்க்கட்டி என்று ஒருவர் இருப்பது வழக்கம். மடையைத் திறப்பதும் அடைப்பதும் அவர் பொறுப்பு. ஆயக்கட்டுக்காரர்கள் கூடி அவரை அமர்த்தி, விளைச்சலில் நெல் அளப்பர். அவர் வெளியூரார் அல்லர். குளம் வற்றினால் அவர் வீட்டு அடுப்பும் அவியும். மன்னார் வளைகுடாவுக்கு வேண்டுவதும் அத்தகைய காவலே. பாசியெடுக்கும் பெண்களுக்கு அடையாளச் சீட்டு வழங்கி, அவர்கள் வகுத்த 12 நாள் வரையறையையே அரசாணையாக்கலாம்; எந்தத் தீவின் ஓரத்தில் எந்த மாதம் இறங்கலாம் என்பதை அவர்களோடு அமர்ந்து முடிவுசெய்யலாம்; பவழத்தின் நிலையைக் கண்டு சொல்லும் பணியை ஊதியத்துடன் அவர்களிடமே ஒப்படைக்கலாம். நாள்தோறும் அந்நீரில் மூழ்கி எழும் அவர்களைவிட அப்பாறைகளை அறிந்தவர் வேறு யார்?