யாருடைய ‘ரெகுலர்’?

திருமண வரவேற்புக்கென்று வாங்கப்படும் ஆயத்தக் கோட்டின் உட்பையருகே ஒரு சிறு துணிச்சீட்டு தைக்கப்பட்டிருக்கும். அதில் 38 என்றோ 40 என்றோ ஓர் எண் இருக்கும். அது அங்குலக் கணக்கில் மார்பின் சுற்றளவு. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அந்த எண்ணோடு ஓர் எழுத்தும் சேர்ந்து வரும். ஷார்ட், ரெகுலர், லாங் என்னும் மூன்று நீளங்களில் ஒன்றை அது குறிக்கும். இந்தியக் கடைகள் பலவற்றில் அந்த எழுத்து இருப்பதில்லை. எழுத்து இல்லாததால் நீளம் பற்றிய முடிவு எடுக்கப்படவில்லை என்று பொருளாகாது. சொல்லாமல் விடப்பட்ட அந்த நீளம் எப்போதும் ரெகுலர்தான்.

மொழியியல் மாணவர்களுக்கு இது பழகிய காட்சி. துருபெத்ஸ்காயும் யாக்கப்சனும் வளர்த்தெடுத்த கருத்தாக்கம் ஒன்றின்படி, எதிரெதிரான இரு வடிவங்களில் ஒன்று அடையாளம் ஏதுமின்றி இயல்பாக நிற்கும். மற்றது அடையாளம் சுமந்து நிற்கும். ‘எவ்வளவு உயரம்?’ என்று யாரையும் கேட்கலாம். ‘எவ்வளவு குட்டை?’ என்று கேட்டால், கேட்கப்பட்டவர் குட்டை என்பது கேள்வி எழும் முன்பே தீர்ப்பாகிவிடுகிறது. கோட்டின் சீட்டிலும் இதுவே நடக்கிறது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. மொழியில் அடையாளமற்ற வடிவம் பெரும்பாலும் அதிகம் வழங்கும் வடிவமாகவும் இருக்கும். துணிக்கடையில் அப்படி இல்லை.

நிறுவனத்துக்கு நிறுவனம் சிறிது மாறினாலும், மேலைச் சந்தைகளின் வழக்கில் ரெகுலர் என்பது ஏறத்தாழ 5 அடி 8 அங்குலம் முதல் 5 அடி 11 அங்குலம் வரை உயரமுள்ளவர்களுக்கானது. ஷார்ட் என்பது 5 அடி 5 அங்குலம் முதல் 5 அடி 7 அங்குலம் வரை. இனி இந்தியாவின் உயரத்தைப் பார்க்கலாம். 2016இல் ஈலைஃப் ஆய்விதழில் ஒரு பன்னாட்டு ஆய்வாளர் குழு வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 1996இல் பிறந்த இந்திய ஆண்களின் சராசரி உயரம் சுமார் 165 சென்டிமீட்டர். ஏறக்குறைய 5 அடி 5 அங்குலம். அதே ஆண்டில் பிறந்த நெதர்லாந்து ஆண்களுக்கு அது சுமார் 182.5 சென்டிமீட்டர். 1996இல் பிறந்தவர்கள் இன்று திருமண வயதில் இருப்பவர்கள். அவர்களின் சராசரி, ‘குட்டை’ எனப் பெயரிடப்பட்ட வரம்பின் அடிவிளிம்பில் நிற்கிறது. ஏறத்தாழப் பாதிப் பேர் அந்த வரம்புக்கும் கீழே இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்தப் பட்டியலில் பெயரே இல்லை.

இந்நிலையில், 5 அடி 4 அங்குல உயரமும் 34 அங்குல மார்பும் கொண்ட மணமகன் ஒருவர் கடைக்குள் நுழைந்தால் என்ன நடக்கும் என்பது ஊருக்கு ஊர் பெரிதாக மாறுவதில்லை. கோட்டுகள் பெரும்பாலும் 36இல் தொடங்குகின்றன. விற்பனையாளர் 36ஐ அணிவித்துப் பார்ப்பார். தோள் இருபுறமும் அரை அங்குலம் வெளியே தொங்கும். முதுகுப்புறத் துணியைக் கையால் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, “ஆல்டர் பண்ணிடலாம் சார், ஒண்ணும் தெரியாது” என்பார். அதுவும் ஒத்துவராதபோது குரல் தாழ்த்தி, “பாய்ஸ் செக்‌ஷன்ல ஒரு தடவை பாத்துடலாமா தம்பி?” என்று கேட்பார். ‘சார்’ ‘தம்பி’யாக மாறிய அந்தக் கணம் கூட வந்த உறவினர்களுக்கு நகைச்சுவை. மணக்கப் போகிறவருக்கு அது வேறு. விற்பனையாளரைக் குறை சொல்வதற்கில்லை. அவரிடம் இருக்கும் சரக்கு அவருக்குச் சொல்லிக்கொடுத்த மொழி அது.

சிறுவர் பிரிவு விடையாகாது என்பதற்குக் காரணம் தன்மானம் மட்டுமன்று. சிறுவரின் உடல் வளர்ந்த ஆணின் உடலைச் சிறிதாக்கிய படியன்று. தோளின் அகலம், மார்பின் ஆழம், இடுப்பிலிருந்து பாதம் வரையான நீளம் ஆகியவற்றின் விகிதங்கள் வேறு. 28 வயது ஆணுக்குச் சிறுவர் கோட்டு தோளில் இறுகும், வயிற்றில் தொளதொளக்கும்.

ஆல்டரேஷன் என்னும் வாக்குறுதியைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். ஏமாற்றங்களில் பெரும்பகுதி அங்கேதான் நிகழ்கிறது. கோட்டு என்பது சட்டையைப் போலப் பக்கத் தையலைப் பிடித்தால் சிறுத்துவிடும் பொருளன்று. அதன் இடை குறுகும் இடம், பட்டன் அமரும் இடம், பைகளின் உயரம், லேப்பல் எனப்படும் மார்பு மடிப்பின் நீளம் எல்லாம் ஒன்றோடொன்று கணக்கிட்டு வெட்டப்பட்டவை. உயரமானவருக்கு வெட்டிய கோட்டில் இடை குறுகும் இடம் குறைந்த உயரமுள்ளவரின் இடுப்பெலும்பின்மேல் போய் விழும். அங்கே எத்தனை பிடித்தாலும் கோட்டு தவறான இடத்தில்தான் ஒடுங்கும். பட்டன் தொப்புளுக்குக் கீழே இறங்கிவிடும். அடியில் மடித்துக் குறைக்கலாமே என்றால், ஓர் அங்குலத்துக்கு மேல் குறைத்தவுடன் பைகள் அடிவிளிம்பை நெருங்கி, கோட்டு பாதியில் அறுந்ததுபோல் தோன்றும். கைநீளத்தைக் குறைப்பது எளிது; ஆனால் மணிக்கட்டில் உள்ள காஜாக்கள் உண்மையாகவே வெட்டப்பட்டிருந்தால் அங்கே குறைக்க இயலாது, கையைத் தோளிலிருந்து கழற்றித்தான் குறைக்க வேண்டும். தோளைக் குறைப்பதோ கோட்டை அரைகுறையாகப் பிரித்து மீண்டும் கட்டுவதற்குச் சமம். நல்ல கட்டிங் மாஸ்டர்கள் பலர் அதற்கு ஒப்புக்கொள்வதே இல்லை. ஒப்புக்கொள்கிறவர்களிடம் கொடுக்கத்தான் அஞ்ச வேண்டும்.

ஆல்டரேஷனில் அறவே திருத்த முடியாதது கைத்துளை. ஆயத்த ஆடை பல உடல்களுக்கும் பொருந்த வேண்டும் என்பதால் கைத்துளை தாழ்வாகவும் அகலமாகவும் வெட்டப்படுகிறது. ஒல்லியானவருக்கு அது அக்குளுக்கு வெகு கீழே தொங்கும். கையை உயர்த்தினால் கை மட்டும் உயராது, கோட்டே உயரும். மேடையில் மூன்று மணிநேரம் கைகுலுக்கியும் வணங்கியும் நிற்க வேண்டிய ஒருவருக்கு இது சிறிய குறையன்று. புகைப்படங்களில் காதுவரை ஏறிய தோள்களோடு நிற்கும் மணமகன்களின் சிக்கல் பெரும்பாலும் அவர்களுடைய நிற்கும் முறையில் இல்லை, கைத்துளையில் இருக்கிறது.

‘ஸ்லிம் ஃபிட்’ என்னும் பெயரும் இதே வகையில் வழிதவறச் செய்கிறது. அந்த அடை ஆளைத் தழுவுகிறதா, வெட்டைத் தழுவுகிறதா? கேட்பவர் ஒல்லியான ஆளுக்கான கோட்டு என்று பொருள்கொள்கிறார். தொழிலில் அது வெட்டின் பெயர். கோட்டின் மார்புக்கும் கால்சட்டை இடுப்புக்கும் இடையே வழக்கமாக 6 அங்குல வேறுபாடு வைப்பார்கள். ஸ்லிம் ஃபிட்டில் அது 7 அல்லது அதற்கும் மேல். அகன்ற தோளும் ஒடுங்கிய இடையும் கொண்ட உடற்பயிற்சியாளரை மனத்தில் வைத்து அது வெட்டப்படுகிறது. மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக மெலிந்திருப்பவரை அது நினைத்துப் பார்க்கவே இல்லை. ‘ஸ்மால்’ என்ற சொல் இதைவிட மோசம். ஒல்லி வேறு, குட்டை வேறு என்று தமிழில் எளிதாகப் பிரித்துச் சொல்லிவிடலாம்; ஸ்மால் இரண்டையும் ஒரே பெட்டியில் அடைத்துவிடுகிறது.

கடையை விட்டு வெளியே வந்தால் அறிவுரைக்காரர்கள் காத்திருக்கிறார்கள். தலைமுதல் கால்வரை ஒரே நிறம் அணிக, கோடுபோட்ட துணி எடுக்க, செருப்பினுள் உயரத்தட்டு வைக்க, மணமகளைத் தட்டையான செருப்பு அணியச் சொல்க. இவற்றின் நோக்கம் பொருத்தமன்று, மறைப்பு. குட்டையாக இருப்பது தண்டனைக்குரிய குற்றம் என்றும் ஆடை அதற்கான பிணை என்றும் இவை கருதுகின்றன. திருமண விளம்பரங்களில் ஆணின் உயரம் வயதுக்கும் வருமானத்துக்கும் அருகே இடம்பெறும் நாட்டில் இந்த அச்சம் வானத்திலிருந்து விழவில்லை. ஆயினும் நன்கு தைத்த கோட்டு எவரையும் உயரமாக்குவதில்லை. அணிந்தவரின் விகிதத்தைக் குழப்பாமல் விடுகிறது, அவ்வளவே. அதுவே போதுமானது.

இத்தனை தொல்லை எதற்கு, வேட்டி கட்டலாமே என்று கேட்பவர்கள் உண்டு. தைக்காத துணிக்கு அளவுச்சீட்டு இல்லை. நாலு முழமோ எட்டு முழமோ, மடிப்பின் வழியே அது எந்த உடலுக்கும் இணங்கும். இந்த அழகு மறுக்க முடியாதது. ஆனால் இந்தியாவில் கோட் சூட் வெறும் காலனியப் போலச்செய்தல் அன்று. அம்பேத்கரின் சிலைகள் நாடெங்கும் கோட்டோடு நிற்பதன் பொருளை அறிந்தவர்கள் அப்படி எளிதாகச் சொல்லிவிட மாட்டார்கள். குதிரையில் ஊர்வலம் போனதற்காகத் தலித் மணமகன்கள் தாக்கப்படும் செய்திகள் இன்னும் வரும் நாட்டில், குடும்பத்தில் முதல் பட்டதாரியான ஒருவர் தம் திருமண நாளில் கோட்டு அணிய விரும்புவதற்கு வரலாறு இருக்கிறது. கோவாவிலும் வடகிழக்கு மாநிலங்களிலும் கிறித்தவ மணமகன்களுக்கு அது மணவுடையே. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உயரம் பரம்பரையால் மட்டும் தீர்வதன்று. குழந்தைப் பருவத்து உணவும் நோயும் அதில் பங்கு கொள்கின்றன. ஆகவே ‘ரெகுலர்’ மட்டும் அடுக்கப்பட்ட அலமாரி, ஊட்டம் குறைவாகக் கிடைத்த குடும்பங்களின் பிள்ளைகளைக் கூடுதலாகத் திருப்பியனுப்புகிறது.

வணிகர் தரப்பில் ஒரு நியாயமான வாதம் உண்டு. 36 முதல் 46 வரை ஆறு மார்பளவுகள். ஒவ்வொன்றுக்கும் மூன்று நீளம் என்றால் ஒரே நிறத்தில், ஒரே வடிவத்தில் 18 கோட்டுகள் வைத்திருக்க வேண்டும். விற்காத கோட்டு முடங்கிய பணம். இதை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் ஒரே ஒரு நீளத்தைத்தான் வைக்க முடியும் என்றால், அது ஏன் இந்தியச் சராசரிக்கு மூன்று அங்குலம் மேலே தொடங்கும் நீளமாக இருக்க வேண்டும்? இந்தக் கேள்விக்குச் சரக்குக் கணக்கில் விடை இல்லை. பழக்கத்தில் இருக்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது படைவீரர்களுக்குச் சீருடை தைக்க எடுத்த அளவுகள் ஆண்களின் ஆயத்த ஆடை அளவுமுறைக்கு அடித்தளமாயின. அங்கே அது அந்த உடல்களிலிருந்து பிறந்தது. இங்கே அது இறக்குமதியானது.

ஜவுளி அமைச்சகத்தின் ஆதரவில் நிஃப்ட் நிறுவனம் மேற்கொண்ட ‘இந்தியாசைஸ்’ திட்டம் இதை நேரடியாகத் தொடுகிறது. 15 முதல் 65 வயதுக்குட்பட்ட 25,000 பேரை, முப்பரிமாண உடல் வருடிகளால், நாட்டின் ஆறு பகுதிகளில் அளப்பது அதன் வரைவு. வரவேற்கத்தக்க முயற்சி. எனினும் அளவுகள் கிடைத்தபின் அவற்றுக்கு இடப்படும் பெயர்கள்தாம் கடைத்தெருவில் வாழும். 5 அடி 5 அங்குலத்தை மையமாக வைத்து ஒரு பட்டியல் அமைத்துவிட்டு, அந்த மையத்துக்கு மீண்டும் ‘ஷார்ட்’ என்றே பெயர் வைத்தால் வருடிகளுக்குச் செலவிட்டது வீண். ஆடை வடிவமைப்புத் துறையினரோடு மொழியியல் துறையினரும் அமர வேண்டிய இடம் இது. அழைப்பு வரும் என்று காத்திராமல் தாமே எழுதிக் கேட்கலாம்.

அதுவரை திருமணங்கள் காத்திருக்கப் போவதில்லை. இந்தியாவில் தையற்காரர் இன்னும் எட்டும் தொலைவில் இருக்கிறார் என்பது மேலைநாட்டு மணமகன்களுக்கு எளிதில் வாய்க்காத வசதி. இருபொருள் சூட்டுக்குச் சுமார் 3 மீட்டர் துணி வேண்டும். சிறிய உடலுக்கு அதற்கும் குறைவு. ஆறு வாரம் முன்னதாகவே கொடுத்து, தற்காலிகத் தையலோடு ஒரு ட்ரையலும் முடிந்தபின் ஒரு ட்ரையலும் கேட்டுப் பெற வேண்டும். முதல் ட்ரையலில் தோளையும் கைத்துளையையும் மட்டும் பார்த்தால் போதும். மற்றவை பின்னர்த் திருந்தும். கோட்டு பின்புறத்தை மறைக்க வேண்டும். ஒல்லியானவர்களுக்கென்று குட்டையாக வெட்டும் மோகத்துக்கு மாஸ்டர் ஆட்பட்டிருந்தால் தயங்காமல் மறுக்க வேண்டும், அது வளர்ந்த ஆணை உடை சிறுத்த மாணவனாக்கிவிடும். கால்சட்டை இடுப்பெலும்பில் தொங்காமல் தொப்புளருகே அமர்ந்தால், பட்டனுக்குக் கீழே வெள்ளைச் சட்டை முக்கோணமாக எட்டிப் பார்க்காது. கடைசி ட்ரையலில் கண்ணாடி முன் அசையாமல் நிற்பதில் பயனில்லை. மாலை மாற்றுவதுபோல் இரு கைகளையும் உயர்த்திப் பார்க்க வேண்டும். அடிவிளிம்பு கையோடு சேர்ந்து இரண்டு அங்குலம் ஏறினால், மீதிப் பணத்தைக் கொடுக்காமல் கோட்டை மாஸ்டரின் மேசையிலேயே விட்டுவிட்டு வரலாம்.