350 ரூவா பிளக்குக்கு 2,000 ரூவா கூலியா?

ரொம்ப நாளா இந்தப் பக்கம் வரலை மக்களே. ஆணி அதிகம். பொட்டி தட்டுறவன் பொழப்பு உங்களுக்குத் தெரியாததா? பொங்கலுக்கு ஊருக்குப் போயிட்டு வந்ததுல இருந்து ஒரு விஷயம் மண்டையைக் குடைஞ்சுக்கிட்டே இருக்கு. எழுதி இறக்கி வெச்சுடறேன். மாற்றுக் கருத்து இருக்கறவங்க பின்னூட்டத்துல வந்து சாத்தலாம்.

நமக்கு ஊரு காந்திகிராமம். திண்டுக்கல்லுல இருந்து மதுரை போற ரோட்டுல, சின்னாளபட்டிக்குப் பக்கத்துல இருக்கு. ரயில்ல வந்தா அம்பாத்துரை ஸ்டேஷன். எங்க மாமா (அம்மாவோட தம்பி) இருபது வருஷம் பெரிய லாரி ஓட்டினவர். இப்போ சொந்தமா ரெண்டு சிலிண்டர் டீசல் மினி லாரி வெச்சிருக்கார். கம்பெனி பேரு வேண்டாம், தப்பு வண்டி மேல இல்லை. எங்க ஊர்ல எந்தக் கம்பெனி மினி லாரியா இருந்தாலும் அது குட்டி யானைதான்! சிறுமலையில வாழைத்தாரு, சவ்சவ், எலுமிச்சை ஏத்திக்கிட்டு வெள்ளன திண்டுக்கல் மார்க்கெட்டுல இறக்கறதுதான் தொழில்.

ஜாலியா இருக்கட்டுமேன்னு நானும் ஒரு நாள் கூடப் போனேன். சாயங்காலம் மேல போய், ராத்திரி அங்கேயே படுத்து, காலையில நாலரைக்குக் கிளம்பறதா பிளான். தை மாசக் குளிர். மாமா சாவியைத் திருப்பினார். கர்ர்ர்ர்ர்... கர்ர்ர்ர்ர்... பின்னாடி வெள்ளை வெள்ளையா புகை, பச்சை டீசல் வாடை. வண்டி மட்டும் எந்திரிக்கலை. நாலு தடவை பார்த்தார். அப்புறம் ஒரு துணியில டீசலை நனைச்சுப் பத்த வெச்சு, காத்து உள்ள போற குழாய்கிட்ட காட்டினார். ம்ஹூம்.

"மாப்ள, சரிவுலதானே நிக்குது, ஒரு தள்ளு தள்ளு. செகண்ட் கியர்ல பிடிச்சுரும்."

பி.இ. மெக்கானிக்கல் படிச்ச மேதாவி நான், தள்ளினேன். முக்கா டன் லோடோட வண்டி உருள ஆரம்பிச்சுது. முதல் எத்தனத்துல பிடிக்கலை. ரெண்டாவதும் இல்லை. வளைவுக்கு இருபதடி இருக்கறப்ப 'டப டப'ன்னு பிடிச்சுது. சிறுமலை ரோட்டுல 18 கொண்டை ஊசி வளைவு. இஞ்சின் ஓடாத வண்டியில பிரேக்குக்கு உதவி பண்ற வாக்குவம் ரெண்டு மிதியிலயே தீர்ந்துடும், அப்புறம் பெடல் கல்லு மாதிரி ஆயிடும். இதெல்லாம் நான் பரீட்சையில எழுதி மார்க் வாங்கின சமாச்சாரம். ஞாபகம் வந்தது வண்டி ஸ்டார்ட் ஆனதுக்கு அப்புறம்தான். கீழ வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் பேசிக்கலை.

வில்லன் யாருன்னு பார்த்தா, விரல் நீளத்துல ஒரு சாமான். புஸ்தகத்துல குளோ பிளக், பட்டறையில ஹீட்டர் பிளக்.

வண்டி விஷயம் தெரியாத பதிவர்களுக்காக ஒரு பாரா. டீசல் இஞ்சின்ல தீப்பொறி கிடையாது. 1897-ல ஜெர்மனியில ருடால்ஃப் டீசல் ஓட்டிக் காட்டின இஞ்சின்ல இருந்து இன்னிக்கு வரைக்கும் தத்துவம் ஒண்ணுதான். காத்தை இறுக்கி அமுக்கினா சூடாகும், அந்தச் சூட்டுல டீசலைத் தெளிச்சா தானே பத்திக்கும். மாமா வண்டி மாதிரி சின்ன பழைய டீசல் வண்டிகள்ல டீசல் நேரா பிஸ்டன் மேல விழாது. பக்கத்துல ஒரு குட்டி அறை இருக்கும், அதுக்குள்ளதான் தெளிக்கும். குளிர்ல அந்த அறையோட சுவரே சூட்டை உறிஞ்சிடும். அதனாலதான் அதுக்குள்ள ஒரு ஹீட்டர் பிளக். சாவியை ஒரு கட்டம் திருப்பினா சில வினாடியில நுனி 800 டிகிரிக்கு மேல சிவந்து நிக்கும். டேஷ்போர்டுல சுருள் கம்பி மாதிரி ஒரு விளக்கு எரிஞ்சு அணையும் பாருங்க, அது அணைஞ்சதுக்கு அப்புறம்தான் ஸ்டார்ட் பண்ணணும்.

மாமா அந்த விளக்கைக் கண்டுக்கிட்டதே இல்லை. காரணம் இருக்கு. அவர் இருபது வருஷம் ஓட்டின பெரிய லாரியெல்லாம் நேரடியா சிலிண்டருக்குள்ள தெளிக்கிற இஞ்சின். அதுல ஹீட்டர் பிளக்கே கிடையாது. சாவி போட்டா ஸ்டார்ட், அம்புட்டுதான். ரெண்டு சிலிண்டர் வண்டியில ஒரு பிளக் செத்தா பாதி இஞ்சின் படுத்துடும். ஆனா நம்ம ஊர் வெயிலுக்கு அது வெளியே தெரியறதே இல்லை. எத்தனை நாளா செத்துக் கிடந்துச்சோ, மலைக் குளிர்தான் காட்டிக் குடுத்துச்சு.

லோடை இறக்கிட்டு மத்தியானம் சின்னாளபட்டியில ஒரு பட்டறைக்குப் போனோம். ஐம்பது வயசு அண்ணன் ஒருத்தர், கூட ஒரு பையன். பானெட்டைத் திறக்கறதுக்கு முன்னாடி கேள்வியாக் கேட்டார். காலையில மட்டுந்தானா? புகை வெள்ளையா கறுப்பா? ஸ்டார்ட் ஆன பிறகு எம்புட்டு நேரம் உதறுது? அப்புறம் ஒரு 12 வோல்ட் பல்பும் ரெண்டு ஒயரும் எடுத்தார். முதல்ல பிளக்குக்குக் கரண்ட் வருதான்னு பார்த்தார். வந்துச்சு, அப்போ ரிலேயும் பியூஸும் சரி. பிறகு பிளக்குக்குப் போற இணைப்பைக் கழட்டிட்டு, பல்போட ஒரு ஒயரை பேட்டரி பாசிட்டிவ்லயும் இன்னொண்ணை பிளக் தலையிலயும் வெச்சார். ஒண்ணுல பல்பு எரிஞ்சுது, இன்னொண்ணுல எரியலை. உள்ள சுருள் அறுந்துடுச்சு. மொத்தமே பத்து நிமிஷம்.

"மாத்திருங்கண்ணே, சாயங்காலம் வந்து எடுத்துக்கறோம்"ன்னேன்.

ஸ்பேனரை வெச்சு லேசா ஒரு அழுத்து அழுத்திப் பார்த்தவர் கையை எடுத்துட்டார். "கார்பன் பிடிச்சு இறுகிக் கிடக்கு தம்பி. இப்ப மல்லுக்கட்டினா பாதி கையோட வரும், மீதி உள்ள நிக்கும். நாளைக்குப் பார்ப்போம்."

மாமாவுக்கு மூஞ்சி சுருங்கிடுச்சு. ஒரு நாள் வண்டி நின்னா ஒரு நாள் வருமானம் போச்சு, வண்டி டியூ நிக்காது. ஹைவே ஓரத்துல இன்னொரு பட்டறையில 300 ரூவா கூலி, ஸ்பேனர்ல பைப்பைச் சொருகி ஒரே திருகு, அரை மணி நேரத்துல முடிச்சுருவாங்கன்னு ஆரம்பிச்சார். எப்படியோ சமாதானம் பண்ணி வண்டியை விட்டுட்டு வந்தோம்.

அந்த அண்ணன் ராத்திரி முழுக்கத் துருவுக்குப் போடற எண்ணெயை ஊத்தி ஊற விட்டார். மறுநாள் இஞ்சினை ஓட்டிச் சூடு பண்ணி, டார்க் ரென்ச்சை மாட்டினார். 10 மி.மீ. மரை உள்ள பிளக்கைக் கழட்டறப்ப பொதுவா 35 நியூட்டன் மீட்டருக்கு மேல போகக் கூடாது, போனா முறிஞ்சிடும். கால் திருகு இப்படி, கொஞ்சம் திரும்ப அப்படி, மறுபடி எண்ணெய், மறுபடி கால் திருகு. நாப்பது நிமிஷம். முழுசா வந்துச்சு. நுனி ஒரு பக்கமா அரிச்சு, விரிசல் விட்டிருந்துச்சு. கிட்டத்தட்ட தொங்கிக்கிட்டு இருந்துச்சுன்னே சொல்லலாம். பைப்பு போட்டு அவசரமாத் திருகி அந்த நுனி உள்ள விழுந்திருந்தா? அந்தக் குட்டி அறையில இருந்து பிஸ்டனுக்கு வழி இருக்கு. ஹெட்டைக் கழட்டணும், புது கேஸ்கட், பிஸ்டன் அடி வாங்கியிருந்தா அதுவும். செலவு ஆயிரங்கள்ல நிக்காது.

நான் வேலை முடிஞ்சுதுன்னு நினைச்சேன். அவர் இல்லைன்னார். "ஒரு பக்கமா அரிச்சிருக்குன்னா நாசில் ஒழுகுது. அதைப் பார்க்காம புது பிளக்கு போட்டா அதையும் தின்னுரும்." இன்ஜெக்டரைக் கழட்டி, திண்டுக்கல்லுல பம்ப் வேலை பார்க்கற பட்டறைக்கு அனுப்பி சோதிச்சா, தெளிக்க வேண்டியது சொட்டுச் சொட்டா ஒழுகுது. நாசிலை மாத்தி, ஓட்டையில இருந்த கார்பனைச் சுரண்டி, ரெண்டு பிளக்கும் புதுசாப் போட்டு, அளவு பார்த்து இறுக்கிக் குடுத்தார்.

பிளக் ஒண்ணு 350. நாசில் கணக்கு தனி. கூலி 2,000.

"350 ரூவா சாமானை மாட்ட 2,000 ரூவாயா? நியாயமாண்ணே?"ன்னு மாமா ஆரம்பிச்சார். பேசிப் பேசி 1,500-ல வந்து நின்னுச்சு. நான் பக்கத்துல வாயை மூடிக்கிட்டு நின்னேன். உண்மையைச் சொன்னா, 'ஆமா, ஜாஸ்திதான்'னு எனக்கும் தோணுச்சு.

ராத்திரிதான் உறைச்சுது. போன வருஷம் எங்க டீம்ல ஒரு பிரச்சினை. நாலு பேரு, ரெண்டு நாளு, கடைசியில மாத்தினது ஒரே ஒரு வரி. 'ஒரு வரிக்கு இம்புட்டு சம்பளமா?'ன்னு டேமேஜர் கேட்கலை. ஏன் நடந்துச்சு, திரும்ப நடக்காம இருக்க என்ன பண்ணினோம்னு எழுதிக் குடுத்ததுக்குக் கை தட்டினாங்க. அந்த அண்ணன் பண்ணினதும் அதே வேலைதான். அறிகுறி கேட்டார், ஒவ்வொண்ணா சோதிச்சார், காரணத்தைப் பிடிச்சார். ஏசி ரூம்ல பண்ணினா அனாலிசிஸ், கையில கிரீஸோட பண்ணினா 'ஜாஸ்தி கேட்கறான்'!

கப்பல் இஞ்சினைச் சுத்தியல்ல ஒரு தட்டு தட்டிட்டுப் பெரிய தொகைக்குப் பில் போட்டவர் கதை உங்க எல்லாருக்கும் பார்வேர்டுல வந்திருக்கும். 'சூப்பர்'ன்னு பத்து பேருக்கு அனுப்பிட்டு, அடுத்த நாள் பட்டறையில போய் ஐநூறு ரூவாய்க்கு மல்லுக்கு நிக்கறதும் நாமதான்.

என் கட்சி இதுதான். சாமான் விலையில எவ்வளவு வேணா பேரம் பேசுங்க, நாலு கடை ஏறி இறங்குங்க. கூலியில பேசாதீங்க. கூலியைக் குறைச்சா வேலை பார்க்கறவர் எதைக் குறைப்பார்? நேரத்தைத்தான். ராத்திரி முழுக்க ஊற விடறதும், நாசிலைச் சோதிக்கறதும்தான் முதல்ல காணாமப் போகும். 300 ரூவாய்க்குப் பைப்பு போட்டுத் திருகற பட்டறையை உருவாக்கினது அவங்க இல்லை, நம்ம அவசரமும் பேரமும்.

'மெக்கானிக் ஏமாத்தறதே இல்லையா?'ன்னு கேட்பீங்க. ஏமாத்தறவங்க இருக்காங்க, நானே ஏமாந்திருக்கேன். அதுக்கு மருந்து பேரம் இல்லை, கேள்வி. பழைய பிளக்கைக் கையில வாங்கிப் பாருங்க. 'ஏன் போச்சுண்ணே?'ன்னு கேளுங்க. வேலை தெரிஞ்சவர் அரிச்ச இடத்தைக் காட்டிச் சொல்லுவார். தெரியாதவர் 'போச்சு, அவ்வளவுதான்'பார். அடுத்த தடவை எங்க போகணும்னு அதுலயே தெரிஞ்சுடும்.

எங்க ஊர்க்காரன் இதை எழுதறதுல கூடுதலா ஒரு வெட்கம் இருக்கு. கைவேலை மூலமாத்தான் படிப்பே வரணும்னு காந்தி 1937-ல வார்தா மாநாட்டுல ஆதாரக் கல்வியை முன்வெச்சார். அவர் வழியில, 1947-ல ஜி.ராமச்சந்திரனும் டாக்டர் சௌந்தரமும் தொடங்கினதுதான் எங்க காந்திகிராமம். சௌந்தரம் அம்மா யாரு தெரியுமா? மதுரையில பஸ் கம்பெனி நடத்தின டி.வி.எஸ். சுந்தரம் ஐயங்காரோட மகள். ரெண்டாம் உலகப்போர்ல பெட்ரோல் கிடைக்காதப்ப, கரியில இருந்து வர்ற வாயுவுல வண்டி ஓட்டற சாதனத்தைச் செஞ்சது அந்தக் கம்பெனி. அதையும் யாரோ ஒரு பட்டறையில, கையில கரியோடதான் செஞ்சிருப்பாங்க. அப்படிப்பட்ட ஊர்ல வளர்ந்து, பி.இ.யும் முடிச்சுட்டு, ஒரு பிளக்கைச் சோதிக்கத் தெரியாம சரிவுல வண்டியைத் தள்ளின ஆளு நான்.

மறுநாள் காலையில பட்டறைக்குப் போய் மீதி 500-ஐக் குடுத்தேன். டயலாக் எதுவும் நடக்கலை. வாங்கிச் சட்டைப் பையில வெச்சுக்கிட்டு, "மாமாவை விளக்கு அணையற வரைக்கும் பொறுக்கச் சொல்லுங்க தம்பி"ன்னுட்டு அடுத்த வண்டிக்குக் கீழ போயிட்டார்.

மாமாகிட்ட 500 குடுத்ததைச் சொல்லலை. விளக்கு விஷயத்தை மட்டும் சொன்னேன். இப்போ சாவியை ஒரு கட்டம் திருப்பிட்டு, விளக்கு அணையற வரைக்கும் "முருகா முருகா"ன்னுட்டு உக்காந்திருக்காராம். அத்தை போன்ல சொல்லிச் சிரிச்சாங்க.

டிஸ்கி 1: வண்டி எந்திரிக்கலைன்னா, ஹீட்டர் பிளக் உள்ள இஞ்சின்ல ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடிச்சுடாதீங்க சாமி. அதுல இருக்கற ஈதர் சிவந்த நுனியில பட்டா நேரங்கெட்ட நேரத்துல வெடிச்சு பிஸ்டனையே உடைக்கும். துணி கொளுத்தறதும் சரிவுல தள்ளறதும் கூட வேண்டாம். நான் தள்ளினதே கடைசியா இருக்கட்டும்.

டிஸ்கி 2: உங்க ஊர்ல இந்த மாதிரி பொறுமையா வேலை பார்க்கற அண்ணன்கள் இருந்தா, என்ன வண்டிக்கு என்ன பண்ணினாங்கன்னு பின்னூட்டத்துல எழுதுங்க. முக்கியமா, கூலியில பேரம் பேசினீங்களா இல்லையாங்கறதையும்!