உண்ணியைப் பிடுங்கியதோடு வேலை முடிவதில்லை

"மனிசருக்கே மருந்தில்லை, நாய்க்கு வைத்தியமா?" என்று கேட்பவர்கள் எம்மிடையே உண்டு. கேள்வி நியாயமானதுதான். ஆனால், இடம்பெயர்ந்து வந்த இடத்தில் எமது கொட்டிலுக்கும் நாம் போட்ட சிறு தோட்டத்துக்கும் இரவில் காவல் நிற்பது அந்த நாய்தான். பிள்ளைகளின் பாய் ஓரத்தில் படுப்பதும் அதுவே. எனவே அதன் தோலில் வரும் புண் எமது குடும்பத்தின் பிரச்சினையும் ஆகும்.

உண்ணியைக் கண்டதும் பிடுங்கி விரலால் நசுக்குகிறோம். பின்பு கடிவாயில் மண்ணெண்ணெய், கழிவு ஒயில், சுண்ணாம்பு என்று அகப்பட்டதைப் பூசுகிறோம். இந்தப் பழக்கத்தை நாம் கைவிட வேண்டும். இவை தோலை எரித்துப் புண்ணைப் பெருப்பிக்கும். நாய் நக்கும்போது வயிற்றுக்குள்ளும் போகும். நசுக்கிய உண்ணியிலிருந்து நோய்க்கிருமி எமது கையில் படலாம். உண்ணியை நெருப்பில் போடுவதே நல்லது.

செலவில்லாத வழி இருக்கிறது. முதலில் கடிவாயைச் சவர்க்காரமும் தண்ணீரும் கொண்டு கழுவுங்கள். பின்பு அரை லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பைக் கரைத்து, சுத்தமான துணியில் நனைத்து மெதுவாக ஒற்றுங்கள். ஈரத்தைத் துடைத்துவிடுங்கள். இரண்டு மூன்று நாட்களுக்கு, காலையும் மாலையும் இப்படிச் செய்தால் போதும். உண்ணியின் வாய்ப்பகுதி தோலில் தங்கிவிட்டால் ஊசியால் கிண்டாதீர்கள். பெரும்பாலும் அது தானாக வெளியேறும். முடிவில் உங்கள் கைகளையும் கழுவுங்கள்.

சிறு தடிப்பு சில நாட்கள் இருப்பது வழமை. வீக்கம் கூடினால், சீழ் வடிந்தால், ஈ மொய்த்துப் புழு வைத்தால் மிருக வைத்தியரிடம் காட்ட வேண்டும். அடுத்து வரும் வாரங்களில் நாய் சாப்பிடாமல் சோர்ந்து கிடந்தால், முரசு வெளிறினால், சிறுநீர் கறுத்துப் போனால் தாமதிக்கக் கூடாது. உண்ணி பரப்பும் காய்ச்சல் நாயைக் கொல்லக்கூடியது.

நாய் படுக்கும் சாக்கையும் கொதிநீரில் அவித்து வெயிலில் போடுங்கள். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். சுவர் வெடிப்பும் சாக்கு மடிப்பும் அதற்கு மறைவிடங்கள்.

ஏழை இலாசரின் அருகே வந்தவை நாய்கள் என்று லூக்கா நற்செய்தியில் வாசிக்கிறோம். எமது கஷ்டத்திலும் எம்மை விட்டுப் போகாத பிராணிக்கு ஒரு கரண்டி உப்பும் ஐந்து நிமிட நேரமும் கொடுப்பது வீண்செலவல்ல, எமது கடமை என்பதே எமது கருத்து.